மயக்கக்காரியின் பதிலாள்

துரைசானிக்கு மயக்கம் வரும்போதெல்லாம் கீழே விழுகிற வேலை மங்காத்தாளுடையது.

விக்டோரியா மகாராணியின் முகம் காசில் இருந்த காலம். நுங்கம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்தபடி இருந்தது பெர்ரிங்டன் துரையின் பங்களா. அங்கே சாப்பாட்டு அறையில் துரைசானியின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கோரைப்பாய் விரித்திருக்கும். அதன்மேல் மங்காத்தாள் கைகட்டி நிற்பாள். துரைசானி விசிறியைப் பட்டென்று மூடினால் மயக்கம் என்று பொருள். மங்காத்தாள் விழுவாள். மூக்கைத் துளைக்கும் உப்புக் குப்பியை ஆயா எடுத்துவந்து துரைசானியின் மூக்கருகே காட்டுவாள். மங்காத்தாள் கண் விழிப்பாள். இப்போது தேவலை என்று துரைசானி சொல்லுவாள். சூப்பு ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அந்தத் தெருவுக்கு இது ஒன்றும் புதிதில்லை. பக்கத்து பங்களாவில் கர்னல் துரைக்காக இருமுவதற்கு ஓர் ஆள் இருந்தான். மார்கழி வந்தால் அவனுக்கு ஓய்வே கிடையாது. எதிர் பங்களாவில் பாதிரியாரின் மனைவிக்காகக் கொட்டாவி விட ஒருத்தி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் நீண்டுபோனால் திங்கட்கிழமை அவளுக்குத் தாடை வலிக்கும். வேலைக்கு ஆள் அகப்படுகிற ஊரில் சொந்த உடம்பை எதற்குச் சிரமப்படுத்துவது? சீமையில் குளிரில் விறைத்துக்கொண்டு, தாங்களே மயங்கித் தாங்களே எழுந்து, மிச்ச நேரத்தில் அடுப்புக்குக் கரியும் அள்ளிப் போட்ட குடும்பங்கள்கூட, கப்பலை விட்டுச் சென்னைப் பட்டணத்தில் இறங்கிய மறுநாளே, ஆள் இல்லாமல் ஒரு தும்மல் போட முடியாத நிலைக்கு வந்துவிடுவார்கள். நம் ஊர்க் காற்று அப்படி.

வேலைக்காரர்களுக்கும் ஒரு முறை உண்டு. அதற்கு மாமூல் என்று பெயர். ஒருவன் வேலையை இன்னொருவன் தொடக்கூடாது என்பதுதான் மாமூலின் சாரம். வெந்நீர் காய்ச்சுகிறவன் அதை ஊற்றமாட்டான். ஊற்றுகிறவன் தொட்டியைக் கவிழ்க்கமாட்டான். ஒரு தடவை துரையின் சூப்பில் ஈ விழுந்துவிட்டது. அடுப்படியில் விழுந்திருந்தால் சமையல்காரன் பொறுப்பு, மேஜையில் விழுந்திருந்தால் பட்லர் பொறுப்பு. அந்த ஈ இரண்டுக்கும் நடுவே தாழ்வாரத்தில் விழுந்திருந்தது. தாழ்வாரம் பெருக்குகிறவன் மாலையில்தான் வருவான். அதுவரை துரை கரண்டியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். சர்க்காரில் அவருக்குப் பெரிய உத்தியோகம். ஊர் ஊராகப் போய், மாமூல் எதுவோ அதையே நடத்துங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டு வருகிறவர். தன் வீட்டு சூப்புக்கு மட்டும் அவர் வேறு நியாயம் பேசமுடியுமா?

மங்காத்தாளுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவள் மூட்டை மாதிரி விழுவாள். ஒரு நாள் விழுந்த வேகத்தில் ஒரு பீங்கான் ஜாடியையும் துணைக்கு அழைத்துக்கொண்டதில் வேலை போயிற்று. மங்காத்தாள் அப்படியில்லை. முதலில் முழங்கால் மடியும், பிறகு இடுப்பு சாயும், கடைசியில் தலை பாயைத் தொடும்போது ஒரு சின்னப் பெருமூச்சு வரும். புடவை விலகாது. கர்னலின் மனைவி விருந்துக்கு வந்தால், மங்காத்தாள் விழுவதைப் பார்ப்பதற்காகவே ஏதாவது ஏடாகூடமாகப் பேசிவைப்பாள். துரைசானியோ பெரிய இடத்தில் பிறந்தவள், மானம் மரியாதை பார்க்கிறவள், ஆகவே மயக்கத்துக்குப் பஞ்சமில்லை. கோழித் தொடையைத் தொடை என்று யாராவது சொல்லிவிட்டால் மயக்கம். பல்லி விழுந்தால் மயக்கம். வயிறு என்ற சொல் காதில் பட்டால் ஒன்றுக்கு இரண்டாக மயக்கம். அவளுடைய இரண்டு மகன்களும் சீமையில் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அவர்களை நினைத்து ஏங்குகிற வேலையை ஆயா பார்த்துக்கொண்டாள்.

மங்காத்தாளின் புருஷன் கன்னியப்பன் அதே வீட்டில் பங்கா இழுக்கிறவன். மேஜைக்கு மேலே தொங்குகிற பெரிய துணி விசிறியின் கயிறு, சுவரில் இருந்த ஓட்டை வழியாக வராந்தாவுக்கு வரும். அதைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு அவன் இழுத்துக்கொண்டே இருப்பான். தோட்டத்துக்குப் பின்னால் வேலைக்காரர்கள் குடியிருப்பில் அவர்களுக்கு ஓர் அறை. கல்யாணமாகி வெகுகாலம் ஆகியிருந்தது. இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. மறுபடியும் நாள் தள்ளிப்போனபோது மங்காத்தாள் வேறு யாரிடமும் மூச்சு விடாமல் அவனிடம் மட்டும் சொன்னாள். அவன் பல் தெரியச் சிரித்தான். பிறகு, சிரித்ததால் ஏதாவது ஆகிவிடப்போகிறதே என்று வாயை மூடிக்கொண்டான்.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலைப் பலகாரத்தின்போது துரைசானி ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். விசிறி விரிந்தபடியே மேஜையில் கிடந்தது. பின்னால் மங்காத்தாள் விழுந்தாள். பெருமூச்சு இல்லை, புடவையும் கொஞ்சம் விலகியிருந்தது.

எல்லோரும் துரைசானியைப் பார்த்தார்கள். எதைக் கேட்டு இப்படி அதிர்ந்துபோனாய் என்று துரை கேட்டார். தனக்கும் தெரியவில்லை என்றாள் அவள். சற்று முன்னால்தான் பட்லர் ராயப்பன் வந்து ஆரஞ்சு ஜாம் தீர்ந்துபோயிற்று என்று சொல்லியிருந்தான். அதுதான் காரணம் என்று முடிவாகி, ஜாம் வாங்க ஆள் ஓடினான். மறுநாள் ஜாம் இருந்தது, மயக்கமும் இருந்தது. அதற்கு மறுநாள் துரைசானி மாடியில் குளித்துக்கொண்டிருக்கும்போதே மங்காத்தாள் கீழே சாப்பாட்டு அறையில் விழுந்தாள். துரைசானியின் உடம்பு ரொம்பவும் கெட்டுவிட்டது என்று டாக்டரை அழைத்தார்கள்.

டாக்டர் கிரீவ்ஸ் மங்காத்தாளின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். துரைசானியின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். மறுபடி மங்காத்தாளின் கண்ணை இழுத்துப் பார்த்தார். பிறகு துரையின் கையைப் பிடித்துக் குலுக்கி, துரைசானிக்கு விசேஷம் என்று சொன்னார். வயிறு என்ற சொல்லையே தாங்காத வீட்டில் அதற்குமேல் விளக்கமுடியாது. துரைசானி புரிந்துகொண்டு விசிறியை மூடினாள். மங்காத்தாள் ஏற்கெனவே பாயில்தான் கிடந்தாள் என்பதால் அந்த மயக்கம் அவள் பேரில் பாக்கியாக வைக்கப்பட்டது.

சுவருக்கு அந்தப்பக்கம் கன்னியப்பனின் கால் நின்று, பங்கா ஓய்ந்தது. துரை ஒரு குரல் கொடுத்தார். மறுபடி அசையத் தொடங்கியது.

அன்றிலிருந்து துரைசானி சோபாவை விட்டு இறங்கவில்லை. மங்காத்தாளுக்கு வாந்தி, துரைசானிக்கு ஆட்டுக்கால் சூப்பு. மங்காத்தாளுக்குக் கால் வீங்கினால் துரைசானியின் காலடியில் தலையணை வைத்தார்கள். மங்காத்தாளுக்கு மாங்காய்மேல் ஆசை வந்தது. உப்பும் மிளகாய்த்தூளும் தூவி ஒரு தட்டு மாடிக்குப் போயிற்று. துரைசானி முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்று தீர்த்தாள். மங்காத்தாளுக்கு ஆசை அடங்கியது. தையல்காரன் வந்து துரைசானியின் கவுன்களைப் பிரித்துப் பெரிதாக்கினான். அவள் இடுப்பு இருந்தபடியேதான் இருந்தது, கவுன் மட்டும் மாதத்துக்கு மாதம் வளர்ந்தது. கர்னலின் மனைவி பார்க்க வந்து, முகத்தில் என்ன ஒரு களை என்று துரைசானியைக் கொஞ்சிவிட்டுப் போனாள்.

இதெல்லாம் முதலில் மங்காத்தாளுக்குத் தொந்தரவாகப் படவில்லை. துரைசானி சாப்பிடுகிற முட்டையும் பாலும் தன் வயிற்றில் வந்து சேர்ந்தால் நல்லதுதானே என்று இருந்துவிட்டாள். இந்தத் தடவை நிச்சயம் தங்கும் என்று அவளுக்கே தைரியம் வந்துவிட்டது. ஏழாம் மாதம் குடியிருப்புப் பெண்கள் அவளுக்கு வளையல் அடுக்க வேண்டும் என்று வளையல்காரனை வரவழைத்தார்கள். ராயப்பன் அவனைக் கையோடு மாடிக்கு அழைத்துப்போனான். சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள் துரைசானியின் முழங்கை வரை ஏறின. குடியிருப்புப் பெண்கள் அறை வாசலில் நின்று பார்த்தார்கள். வளையல்காரன் துரைசானிக்கு நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்று வாழ்த்தினான். வெறுங்கையோடு நின்ற மங்காத்தாளின் வயிற்றில் பிள்ளை, வளையல் சத்தம் கேட்டு ஒரு தடவை புரண்டது. அவள் முதன்முதலாக இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் தொட்டில் வந்தது. வெள்ளைச் சல்லாத்துணி மூடி, வார்னிஷ் வாசம் அடிக்கிற தொட்டில். அதைத் துரைசானியின் அறைக்கு அடுத்த அறையில் இறக்கினார்கள். பெங்களூர் நர்ஸ் ஒருத்திக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. பிறக்கப்போகிற பிள்ளைக்கு அகஸ்டஸ் என்று பெயரும், கொஞ்சம் வளர்ந்ததும் சீமைக்குக் கப்பலும் முடிவாகிவிட்டன. இனிமேல் மூன்று பிள்ளைகளுக்காக ஏங்கவேண்டியிருக்கும் என்று ஆயாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். அவளும் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். தொட்டிலைச் சுமந்து போனவர்களுக்கு வழிவிட்டு மாடிப்படி ஓரமாக நின்றிருந்த மங்காத்தாளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பயம் என்றால் அப்படியொரு பயம் அவளுக்கு அதுவரை வந்ததில்லை. முதல் இரண்டையும் சாமி எடுத்துக்கொண்டது. சாமியையாவது மாரில் அடித்துக்கொண்டு திட்டலாம். இதை எடுத்துக்கொள்ளப்போகிறவர்களுக்கு அவள் வணக்கம் அல்லவா சொல்லவேண்டும்.

நேரே பட்லர் ராயப்பனிடம் போனாள். ராயப்பன் கெட்டவன் இல்லை. வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக, மாமூலுக்கே கைகால் முளைத்த மாதிரி இருப்பான், அவ்வளவுதான். வெள்ளிக் கரண்டி துடைக்கிறவன் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, புள்ள என்னுது" என்றாள் மங்காத்தாள்.

"வயிறு உன்னுது. அதை யாரும் இல்லேங்கல. மயக்கம் யாருது?"

"தொரசானி அம்மாவுது."

"மயக்கம் அவங்களுது. அப்ப அந்த மயக்கத்துக்குக் காரணமா உள்ள இருக்கிறது மட்டும் எப்படி உன்னுது ஆகும்? நீயே சொல்லு."

அப்படியானால் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றாள் மங்காத்தாள். நின்றுகொள்ளலாம், யாரும் கட்டிவைக்கவில்லை என்றான் ராயப்பன். ஆனால் பாய், நிற்கிற இடம், கர்ப்பம், பாக்கியிருக்கிற ஒரு மயக்கம் ஆகியவற்றை அடுத்து வருகிறவளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போகவேண்டும். அவை வேலையைச் சேர்ந்தவை, ஆளைச் சேர்ந்தவை அல்ல. சமையல்கட்டு வாசலில் ஒருத்தி ஏற்கெனவே வேலை கேட்டு வந்து உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னான். விழுந்து காட்டச் சொன்னானாம், சுமார்தானாம்.

கன்னியப்பன் இதைக் கேட்டதும், மாமூலாவது மண்ணாங்கட்டியாவது, சொல்லாமல் கிளம்பிவிடலாம் என்றான். செங்கல்பட்டில் அவனுடைய அக்கா இருந்தாள். மத்தியானம் வீடு முழுக்கத் தூங்குகிற நேரம் பார்த்து, துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். கிணற்றடி வரைக்கும் மங்காத்தாளுக்கு மூச்சு வாங்கியது. மாமரத்தைத் தாண்டியதும் மூச்சு சீரானது. குதிரை லாயத்தைத் தாண்டியதும் உடம்பு லேசாகி, இடுப்பில் கொசுவம் தளர்ந்தது. கேட்டருகே வந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். தட்டையாக இருந்தது. வெளியே நின்று கன்னியப்பன் வா வா என்று கையாட்டினான். அவள் திரும்பி ஓடினாள்.

லாயத்தருகே பாரம் கொஞ்சம் வந்தது, மாமரத்தடியில் இன்னும் கொஞ்சம். கிணற்றடிக்கு வந்து உட்கார்ந்து, உள்ளே ஓர் உதை விழும்வரை அசையாமல் இருந்தாள். விழுந்தது. தேம்பித் தேம்பி அழுதாள். சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவள், சற்று முன் கனத்துக்கொண்டு வந்த தன் வயிறு வடிந்துவிட்டதைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். இனி இங்கே வேலை கிடைக்காது என்று எழுந்து எதிர் பங்களாவுக்குப் போய்க் கொட்டாவிக்குத் துணையாகச் சேர்ந்துகொண்டாள். மூட்டையோடு கன்னியப்பனும் திரும்பிவந்து கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு மங்காத்தாள் கேட்டுப் பக்கமே போகவில்லை.

தண்ணீர்க்காரன் ஏகாம்பரம் அந்தச் சமயம் மச்சினி கல்யாணத்துக்காக லீவில் போயிருந்தான். லீவில் போகிறவன் தனக்கு ஒரு பதிலாளை விட்டுப்போக வேண்டும் என்பது மாமூல். பதிலாள் என்ன செய்தாலும் அது லீவில் போனவன் செய்ததாகவே கொள்ளப்படும். ஏகாம்பரம் தன் சித்தப்பாவை விட்டுப்போயிருந்தான். ஒரு நாள் லாயத்தில் வைக்கோல் தீப்பிடித்துக்கொண்டது. கையில் குடத்தோடு வந்த சித்தப்பா தண்ணீரைக் கொட்டி, மிச்சத்தைக் கையாலேயே அடித்து அணைத்தார். துரை மனம் மகிழ்ந்து தன் கம்பளிக் கோட்டு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி அவருக்குப் போட்டுவிட்டார். கல்யாணம் முடிந்து ஏகாம்பரம் வந்ததும் சித்தப்பா கோட்டைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டார். கையிலிருந்த தீப்புண்ணைத் தானே வைத்துக்கொண்டார்.

மங்காத்தாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு தண்ணீர் சுமக்கிற ஏகாம்பரத்தை அடுத்த நாளும் பார்த்தாள். பிறகு ராயப்பனிடம் போய், பிரசவ சமயத்தில் தனக்கு லீவு வேண்டும் என்றாள்.

தாராளமாக எடுத்துக்கொள் என்றான். யாரைப் பதிலாளாக விடப்போகிறாய் என்று கேட்டான். யாரை வேண்டுமானாலும் விடலாமா என்று அவள் கேட்டாள். யாராக இருந்தாலும் சரி, வீட்டில் அவர்களுக்கு வேறு வேலை எதுவும் இருக்கக்கூடாது, ஒருவர் வேலையை இன்னொருவர் தொடுவதாக ஆகிவிடும் என்றான்.

"தொரசானி அம்மாவுக்கு இன்னா வேலை?" என்றாள் மங்காத்தாள்.

ராயப்பன் யோசித்தான். துரைசானிக்கு உடுத்திவிட ஒருத்தி இருந்தாள், தலைவாரிவிட இன்னொருத்தி. பூ அடுக்கத் தோட்டக்காரன். பிள்ளைகளை நினைக்க ஆயா. சமையல்காரனைக் கோபித்துக்கொள்வதை ராயப்பனே பார்த்துக்கொண்டிருந்தான். மயங்க மங்காத்தாள். விரல்களை எல்லாம் மடக்கி முடித்துவிட்டு, "ஒண்ணும் இல்லை" என்றான்.

மாடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். துரைசானி மங்காத்தாளை உடனே வரச்சொன்னாள். பிறந்து வளர்ந்து அந்த வயது வரைக்கும் அவளை யாரும் ஒரு வேலைக்கு அழைத்ததில்லை. சோபாவில் எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன.

"நான் நல்லா விழுவேனா?" என்று வேலைக்காரர்களிடம் பழகிய தமிழில் கேட்டாள்.

"பழகினா வரும்மா."

"வலி இருக்குமா?"

"இருக்கும்மா. வலி பூரா பதிலாளுக்குத்தான்" என்றாள் மங்காத்தாள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"அப்ப பேபி?"

"அது லீவுல போனவளுக்கு. மாமூல்மா."

துரைசானி விசிறியைக் கையில் எடுத்தாள். மங்காத்தாள் விழுவதற்குத் தயாரானாள். ஆனால் துரைசானி அதை மூடவில்லை. வளையல்கள் கலகலக்க மெல்ல வீசிக்கொண்டே இருந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது. வேறு வழி இனி மங்காத்தாளுக்கு யோசிக்கத் தெரியாது.

"ரெண்டு பையன் சீமையிலே இருக்கு" என்றாள் துரைசானி கடைசியில். "ஆயா அழுது. எனக்கு வரலே." பிறகு விசிறியை ஓரமாக வைத்துவிட்டு, எப்போது பழக ஆரம்பிக்கலாம் என்று கேட்டாள்.

அன்று சாயங்காலமே பழகத் தொடங்கினாள். முதல் தடவை மூட்டை மாதிரி விழுந்தாள். கவுனுக்குள் இருந்த கம்பிகள் குடைபோல் விரிந்து அவளைப் பாதி வழியிலேயே நிறுத்திவைத்தன. கம்பிகளைக் கழற்றிவிட்டு விழுந்ததில் முழங்கையில் பெரிய வீக்கம். அதை ஆயாவிடம் காட்டினாள், சமையல்காரனிடம் காட்டினாள், மாலை துரை வந்ததும் அவரிடமும் காட்டினாள். தன் உடம்பில் தானே சம்பாதித்த முதல் வீக்கம் அது. மங்காத்தாள் பக்கத்தில் நின்று, முழங்காலை முதலில் விடணும்மா, தலையைக் கடைசியில விடணும்மா என்று சொல்லிக்கொடுத்தாள். துரைக்குத் தன் மனைவி கூடத்தில் பொத்பொத்தென்று விழுந்து எழுவது கண்ணில் படாமல் இல்லை. ஆனால் ஏன் என்று கேட்பதற்கு வீட்டில் யாரையும் அமர்த்தியிருக்கவில்லை. தாண்டிக்கொண்டு போவார்.

நாள் வந்தது. காலையில் வெயில் ஏறியபோது மங்காத்தாளுக்கு இடுப்பில் முதல் வலி பிடித்தது. சமையல்கட்டு வாசலில் நின்று, தான் லீவில் போவதாக ராயப்பனிடம் சொன்னாள். அவன் தலையை ஆட்டியதும் வலி போய்விட்டது. மாடியில் துரைசானி சோபாவை விட்டு இறங்கி, படியில் பாதி வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அப்படியும் ஒருவர் உதவியையும் ஏற்காமல் இறங்கிவந்து, சாப்பாட்டு அறையில் தன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த பாயில் ஏறி நின்றாள். முழங்காலை முதலில் விட்டாள், தலையைக் கடைசியில் விட்டாள். பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக வந்திருந்தது என்றே சொன்னார்கள்.

டாக்டரும் பெங்களூர் நர்ஸும் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். குடியிருப்பு அறையில் மங்காத்தாளுக்குப் பக்கத்தில் மருத்துவச்சி உட்கார்ந்தாள். சும்மா இருப்பானேன் என்று மங்காத்தாள் முருங்கைக்கீரையை எடுத்துவைத்து ஆய்ந்துகொண்டிருந்தாள். பங்களாவிலிருந்து துரைசானியின் அலறல் தோட்டத்தைத் தாண்டி வந்தது. ஒவ்வொரு அலறலுக்கும் மங்காத்தாளின் கை நின்றுபோகும். முன்னே இரண்டு தடவை அந்த வலியைப் பட்டு, கடைசியில் கை வெறுமையாக எழுந்தவள் அவள். அந்த அம்மாளை நினைத்தால் பாவமாக இருந்தது. கூடவே நிம்மதியாகவும் இருந்தது, மறைப்பானேன். கீரை ஆய்ந்து முடிவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பெண். மருத்துவச்சி துடைத்து மடியில் போட்டாள்.

பங்களாவில் டாக்டர் கையைக் கழுவிவிட்டு, பெண் குழந்தை என்று துரைக்கு வாழ்த்துச் சொன்னார். நர்ஸ் விரித்துவைத்திருந்த துணியில் ஒன்றும் இல்லை. அதை நாலாக மடித்துத் தொட்டிலில் வைத்தாள். தொட்டில் காலியாக இருக்கிறதே என்று துரை கேட்டார்.

கன்னியப்பன் வராந்தாவில் காலை அசைக்காமல், கயிறு வருகிற ஓட்டையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். ராயப்பன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு விளக்கினான். மங்காத்தாள் லீவில் இருக்கிறாள், துரைசானி பதிலாளாக இருந்து இந்த வேலையை முடித்திருக்கிறாள், பதிலாள் செய்ததெல்லாம் லீவில் போனவளுக்குச் சேரும் என்றான். துரை முழுவதையும் கேட்டார். இதில் எங்கேயாவது மாமூல் மீறப்பட்டிருக்கிறதா என்று கேட்டார். ராயப்பன் நேர்மையானவன். இல்லை என்றான். இதைத் தடுத்தால், ஊர் ஊராகத் தான் போட்ட உத்தரவுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தடுக்கவேண்டிவரும் என்று அவருக்குத் தெரியும். சரி என்று சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குப் போய் எழுத உட்கார்ந்தார். அகஸ்டஸ் என்ற பெயரைக் கர்னலின் மனைவி தன் நாய்க்குட்டிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மங்காத்தாள் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வந்தது ஆயாதான். துரைசானி படுக்கையில் இருப்பதாகவும், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறதென்று வருகிறவர்களிடமெல்லாம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். தான் வேலையை ஒழுங்காகச் செய்தேனா என்று கேட்டு வரச்சொன்னாளாம்.

"நான் செஞ்சிருந்தாகூட இவ்வளவு நல்லா செஞ்சிருக்கமாட்டேன்னு சொல்லு" என்றாள் மங்காத்தாள். பிள்ளையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பிள்ளை மட்டும் அழவில்லை. மருத்துவச்சி உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தாள், முதுகைத் தேய்த்துப் பார்த்தாள். நன்றாக மூச்சு விட்டது. கண்ணை விழித்து அம்மாவைப் பார்த்தது. உதட்டைச் சப்புக்கொட்டியது. அழத்தான் இல்லை.

சற்று நேரத்தில் கன்னியப்பன் ஓடிவந்தான். "தொரை அழுறாரு" என்றான்.

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைப் போட்டுவிட்டு, முகம் சிவக்க, இரண்டு கைகளையும் மடக்கி வைத்துக்கொண்டு வீறிட்டு அழுவதாகச் சொன்னான். பிள்ளைக்குப் பசியாக இருக்கும் என்றாள் மருத்துவச்சி. மங்காத்தாள் பிள்ளையை அணைத்துப் பால் கொடுத்தாள். அது குடிக்கக் குடிக்க, பங்களாவிலிருந்து வந்த அழுகை விம்மலாகி ஓய்ந்தது. கன்னியப்பன் திரும்பிப் போனபோது துரை கன்னமெல்லாம் ஈரமாக நாற்காலியில் சரிந்து கண் சொருகிக் கிடந்தார். கன்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு, அவரை மெதுவாகத் தூக்கித் தன் தோளில் சாய்த்து, ஏப்பம் வரும்வரை முதுகில் தட்டிக்கொடுத்தான்.